மதுரைக் காலுக்கு ஒரு புவிசார் குறியீடு

சுங்குடிச் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. மல்லிகைக்கு 2013-ல் வாங்கியாயிற்று. மதுரையின் பெயரைச் சுமந்துகொண்டு நூற்றெண்பது ஆண்டுகளாக உலகம் சுற்றிவரும் ஒரு சரக்குக்கு மட்டும் இன்னும் யாரும் மனுப் போடவில்லை. மல்லிகை சிங்கப்பூர் போய் இறங்குவதற்குள் முகம் வாடிவிடும். இந்தச் சரக்கு வாடாது. லண்டனிலும் கார்ட்டூமிலும் மெக்சிகோவிலும் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இதன் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். ‘மதுரா ஃபுட்’. நம் மொழியில் மதுரைக் கால்.

புகழுக்குக் குறைவே இல்லை. பூஞ்சைகளில் ஒரு பேரினத்துக்கு ‘மதுரெல்லா’ என்று பெயர். பாக்டீரியாக்களில் ஒரு பேரினத்துக்கு ‘ஆக்டினோமதுரா’. அதிலும் ஓர் இனத்தை ‘ஆக்டினோமதுரா மதுரே’ என்று மூச்சுக்கு இரண்டு முறை மதுரை சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எந்த மேயருக்கும், எந்த மந்திரிக்கும், ஆளுயர மாலை போட்டுக்கொண்ட எந்தத் தலைவருக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு மனசு பொறுக்கவில்லை. கிண்டியில் இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு நானே எழுதிவிடுவது என்று காகிதம் பேனாவை எடுத்துக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போனேன்.

காலைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? உலகளந்தபோது தூக்கிய திருவடியைப் பிரமன் கழுவ, சிலம்பில் பட்டுத் தெறித்த நீர்தான் மலைமேல் இருக்கும் நூபுரகங்கை, சிலம்பாறு என்கிறது தலபுராணம். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்பட்டால் பொய்கைக்கரைப்பட்டி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று இருபது கிலோமீட்டர் சொச்சமும் பல்லக்கிலும் குதிரையிலும்தான் வருவார். அவர் கால் தரையில் படாது. சுற்றிவரும் லட்சோப லட்சம் ஜனங்களின் காலில் செருப்பு இராது. சாமிக்கு முன்னால் அது மரியாதை. அதில் எனக்கு வழக்கில்லை. காவல் காக்கும் கருப்பனுடைய கதை வேறு. நம் பக்கத்துக் கருப்புக் கோயில்களில் அவருக்கு ஆணிச்செருப்பு காணிக்கை வைப்பார்கள். ராத்திரியில் காடு மேடு சுற்றுகிற சாமிக்கு முள் குத்தக் கூடாது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவன் அதே ஊர்த் தெருவில் அப்படி ஒன்றைப் போட்டு நடக்கலாமா என்பதற்குப் படிவத்தில் வேறு கட்டம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பதினெட்டாம்படிக் கருப்பு வாசலுக்கு எதிரே, செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் பொருளின் பெயர். இங்கேயே சிக்கல். நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள், ஊருக்கு அவமானம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டுதல் சொன்னது. மருத்துவர்களும் இப்போது ‘மைசெட்டோமா’ என்று நாகரிகமாகத்தான் எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். பெயரை எடுத்தால் அவமானம் போகும் என்றால், மெட்ராஸ் சென்னையான 1996-லேயே ‘மெட்ராஸ் ஐ’ ஒழிந்திருக்க வேண்டும். அது இன்றும் ஆண்டுதோறும் ஒழுங்காக வருகிறது. அந்தக் கண்வலியை 1918-ல் எழும்பூரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஆக, தலைநகரத்துக்குக் கண், மதுரைக்குக் கால். நிதி ஒதுக்கும்போதும் இந்த வரிசை மாறியதில்லை.

அடுத்தது வரலாற்றுச் சான்று. இதில் நம்மை அடிக்க ஆளில்லை. 1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற கம்பெனி மருத்துவர் இந்தக் கால்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். சில ஆண்டுகளில், அதே ஊரில் இருந்த கோல்புரூக் என்பவர் ஜனங்கள் சொல்லும் பெயரை ஒட்டி ‘மதுரா ஃபுட்’ என்று எழுதினார். 1860-ல் பம்பாயில் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் இது பூஞ்சையால் வருவது என்று விளக்கி மைசெட்டோமா என்று பெயரிட்டார். 1874-ல் தனிப் புத்தகமே போட்டார். இந்தக் கார்ட்டர் யார் தெரியுமா? உலகத்து மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படம் வரைந்தவர். வரைந்தவர் கார்ட்டர், பெயர் கிரேக்கு. பிறகு கார்ட்டர் இந்தியா வந்தார். இங்கே கால் குடியானவனுடையது, பெயர் கார்ட்டருக்கு. கணக்கு நேராகிவிட்டது. கால் போனவன் ஒருத்தன் பெயரும் எங்கும் இல்லை என்பது ஒரு குறையா என்ன?

கம்பெனிக்காரனுக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டும்போது நன்றாகவே எண்ணினான். 1809, 1810, 1811 மூன்று ஆண்டும் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் கொள்ளைக் காய்ச்சல் அடித்துப் போட்டது. சென்னை அரசாங்கம் வில்லியம் ஐன்ஸ்லி தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அதன் அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சானது. தலைப்பிலேயே மூன்று சொல்: மருத்துவம், புவியியல், வேளாண்மை. அந்த மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். குடியானவன் படுத்தால் கிஸ்தி படுத்துவிடும். அதற்குத்தான் ஊர் ஊராக விசாரணை, மண் எப்படி, தண்ணீர் எப்படி, காற்று எப்படி என்று பக்கம் பக்கமாக எழுத்து. மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நிரூபிக்க இன்னும் எண்பது ஆண்டு கிடந்தது. பாவம், தெரியாமல்தான் எழுதினார்கள். நாம் முன்னேறிவிட்டோம். நமக்குக் கொசு தெரியும், வைரஸ் தெரியும், பரிசோதனைச் சாலை தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தி கொடுக்கிறோம்.

கால் நோயில் யாரும் சட்டென்று செத்துப்போவதில்லை. கிஸ்தி விழாது. அதனால் குழு இல்லை, புவியியலும் இல்லை. கரிசல் மண் பக்கம் அதிகம் போலிருக்கிறது என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார மருத்துவர்கள் சிலர் கருதியதோடு சரி.

இனி உற்பத்தி முறை. மல்லிகைக்கு இந்தக் கட்டத்தில் செம்மண், வெயில், கவாத்து என்று எழுதியிருப்பார்கள். நம் சரக்குக்கும் மண்ணும் வெயிலும் வேண்டும். கூடவே ஒரு முள், ஒரு வெறுங்கால். மண்ணிலோ முள்ளிலோ ஒட்டியிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ அந்தச் சின்னக் காயத்தின் வழியே உள்ளே போகும். அரைஞாண் கயிற்றில் தொங்கும் முள்வாங்கியை எடுத்து முள்ளைப் பிடுங்கிவிட்டு, எருக்கம்பாலைத் தொட்டு வைத்துவிட்டு, மனுசன் மறுபடி மண்வெட்டியைத் தூக்கிவிடுவான். முள் வந்துவிட்டது, வந்தவன் உள்ளேயே இருக்கிறான். மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஓடும். பாதத்தில் ஒரு கெட்டி வீக்கம். பிறகு அது உடைந்து ஓட்டை ஓட்டையாகும். ஓட்டை வழியே சீழோடு குருணைகள் வரும்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு. பழைய வடமொழி மருத்துவத்தில் ‘பாதவல்மீகம்’ என்ற பெயர் உண்டு. கால் கறையான் புற்றாகிவிட்டது என்று அர்த்தம். அதைவிடச் சரியாக ஒருவராலும் சொல்ல முடியாது. அப்புறம் அது தசையைத் தின்று எலும்புக்குள் இறங்கும்.

தனித்தன்மை என்ற கட்டத்துக்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு மேலூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

“கால் என்னாச்சுங்கய்யா?”

“முள்ளு குத்துச்சு தம்பி. எப்பன்னு கேக்காதீக. பத்து வருசம் ஓடிருச்சு.”

“வலி இருந்துச்சா?”

“வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடிருப்பேன்ல? வலியே இல்ல. வீங்குச்சு. பெறகு பொத்துப் பொத்தா விழுந்து கடுகு கடுகா வந்துச்சு. அப்பவும் வலியில்ல. உழுதுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“ஆஸ்பத்திரியில என்ன நோவுன்னு சொன்னாக?”

“பேரெல்லாம் யாரு சொல்றா. எடுக்கணும்னாக. எடுத்துட்டாக.”

அவர் பிறந்து வளர்ந்த மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கிற நோய் அது. அவருக்கு அதைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, “மதுரைப் பேரா?” என்று சிரித்தார். “அப்ப மதுரைக்காரகதான வைத்தியம் கண்டுபிடிச்சிருக்கணும்?” என்றார். இந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தனித்தன்மை: வலிக்காது. இதைவிட ஓர் அரசாங்கத்துக்கு வசதியான நோய் இருக்க முடியுமா? வலிக்கிறவன் கத்துவான், மறியல் செய்வான், பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்வான். வலிக்காதவன் உழுதுகொண்டிருப்பான்.

உற்பத்தி முறைக்கே திரும்ப வருகிறேன். முள் இங்கே தாராளம். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வெட்டச் சொன்னதும், வெள்ளை வேட்டிக்காரர்கள் கையில் அரிவாளோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில மாதத்தில் இன்னோர் அமர்வு நிறுத்திவைத்தது. முள் மறுபடி தளிர்த்தது. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் அதே கண்மாயில் அதே முள்ளை இழுத்துப் போடுகிறார்கள். காலில் இருக்கிற ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் தோசையைக் குத்துவது போலக் குத்தும்.

முள் இயற்கை. வெறுங்காலும் இயற்கையா? சேற்று நடவில் செருப்புப் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வரப்பில்? கட்டாந்தரையில்? முள் காட்டில் ஆடு மேய்க்கையில்? இங்கேதான் நம் பாரம்பரியத் தொழில்நுட்பம் வருகிறது. பக்கத்து ராமநாதபுரச் சீமையில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தன் நூலில் அந்த எட்டையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே, மண் பானையைத் தவிர வேறு புழங்காதே என்று போகிற பட்டியலில் எட்டாவது: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினால் குடிசை எரியும். அதாவது, முள் காட்டில் ஒரு கூட்டத்தின் கால் எப்போதும் வெறுங்காலாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக் காவலும் வைத்த சமூகம் இது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல பண்ணையை யார் அமைத்துக் கொடுக்க முடியும்?

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ராஜாவூரில் ஒரு தெரு வழியாக அறுபது பேர் அளவில் தலித் மக்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அது செய்தியாயிற்று. அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு நடந்தது அதுதான் முதல் தடவை. சந்திரயான் நிலவில் இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கிறார்கள். மனசாரச் சொல்கிறேன், இந்த நோய்க்கு எதிராக இந்த மாநிலத்தில் நடந்த பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும். கொடுத்தவர்களுக்கே அது தெரியாது. ஆனால் அரசு அளவெடுக்கிற பாதம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நோய் பிடிக்கிறதோ பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், உழைக்கிற ஆணின் காலை. அவன் அளவுக்குச் செருப்பு வராது. தேர்தல் வந்தால் அவன் கைக்கு வேறு ஏதாவது வரும்.

விண்ணப்பத்தோடு வரைபடம் இணைக்க வேண்டும் என்கிறது விதி. சரக்கு எந்த எல்லைக்குள் விளைகிறது என்று அதில் காட்ட வேண்டும். இங்கே பேனா நின்றுவிட்டது.

உலகக் கணக்கில் எல்லை இருக்கிறது. தெற்கே 15 பாகையிலிருந்து வடக்கே 30 பாகை வரை பூமியைச் சுற்றி ஒரு பட்டை. சூடான், சோமாலியா, செனகல், மெக்சிகோ, இந்தியா எல்லாம் அதற்குள். ரசகுல்லாவுக்கு வங்கமும் ஒடிசாவும் அடித்துக்கொண்ட மாதிரி சூடான்காரர்கள் நம் மனுவை எதிர்க்கக்கூடும். அவர்களிடம்தான் நோயாளிகள் அதிகம். சரி, மதுரை மாவட்டத்துக்குள் எல்லை எது? மேலூரா, உசிலம்பட்டியா, திருமங்கலத்துக் கரிசலா? அழகர்மலை அடிவாரத்தில் எத்தனை கால்? போன ஆண்டு எத்தனை? யானைக்காலுக்கு நாடு தழுவிய திட்டம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு. தொழுநோய்க்குத் திட்டம் உண்டு. காலா அசாருக்கு உண்டு. மதுரைக் காலுக்கு அப்படி ஒன்று இல்லை. நம் தோல் மருத்துவர்கள் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று மருத்துவ இதழ்களில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை எடுத்து ஒரு தாளில் வைக்க ஆள் இல்லை.

புள்ளி வைப்பது முடியாத காரியமா என்று கேட்டால் ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்பேன். அங்கே தூக்க நோய் என்று ஒன்று. செட்சி ஈ கடித்தால் ஒட்டுண்ணி ரத்தத்தில் ஏறி, பிறகு மூளைக்குப் போகும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு, புத்தி தடுமாற்றம், கடைசியில் சாவு. 1900-லிருந்து இருபது ஆண்டுக்குள் உகாண்டாவில் மட்டும் இரண்டரை லட்சம் பேரை அது கொண்டுபோனது என்பார்கள். வெள்ளைக்கார அரசு விக்டோரியா ஏரிக்கரை ஊர்களையே காலிசெய்து ஜனங்களை உள்ளே விரட்டியது. அங்கேயும் எண்ணினார்கள், அதே காரணத்துக்காக: கூலிக்கு ஆள் குறையக் கூடாது. விடுதலைக்குப் பிறகு எண்ணுவதை விட்டார்கள். நோய் திரும்பி வந்தது. 1998-ல் கணக்கில் வந்தவர்களே நாற்பதாயிரத்துக்குப் பக்கம்.

அதற்கு இருந்த மருந்தின் கதையைக் கேட்டால் நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் தேவலை என்பீர்கள். பழைய மருந்து ஆர்சனிக் கலந்தது. ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேரை மருந்தே கொன்றது. பிறகு எஃப்ளார்னிதின் வந்தது. நினைவு தப்பிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். உயிர்த்தெழ வைக்கும் மருந்து என்று பெயரே வந்தது. எழுந்து உட்கார்ந்தவனிடம் காசில்லை. லாபமில்லை என்று தயாரிப்பை நிறுத்தினார்கள். 2000-ல் அதே மருந்து வேறு வேடத்தில் வந்தது: பெண்களின் முகத்தில் முளைக்கும் முடியைக் குறைக்கும் கிரீம். அமெரிக்க முகத்துக்கு உண்டு, ஆப்பிரிக்க மூளைக்கு இல்லை. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ போன்றவர்கள் போட்ட கூச்சலில்தான் 2001-ல் நிறுவனம் இறங்கிவந்து மருந்தை இலவசமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மீசைக்கு நன்றி சொல்ல வேண்டும். அது முளைத்திருக்காவிட்டால் மருந்து முளைத்திருக்குமா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. உலக சுகாதார நிறுவனம் தூக்க நோய்க்கு ஒரு வரைபடத் தொகுதி போட்டது. இன்ன நாட்டில் இத்தனை பேர் என்று மொட்டையாக இல்லை. ஒவ்வொரு நோயாளியும் எந்தக் கிராமம் என்று தேடிப் புள்ளி வைத்தார்கள். நடமாடும் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க் கழுத்து நெறியைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, கொங்கோவின் ஆற்றோரத்துக் குக்கிராமம் வரை குறித்தார்கள். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து போனது, ஈப்பொறி போனது. 2018-ல் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் கீழே. அதே ஆண்டு ஊசி வேண்டாத மாத்திரையும் வந்தது. சாலையே இல்லாத ஊர்களில் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கே அழகர்கோவிலுக்குப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் ஓடுகிறது.

தூக்க நோய்க்காரனை எழுப்ப உலகம் முழித்திருந்தது. தூங்கா நகரத்தின் கால் தூங்குகிறது.

நோய் அபூர்வமாக இருந்தால் நமக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். மாட்டுக்கும் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் வரும் ‘சர்ரா’ என்ற நோய் தூக்க நோயின் பங்காளி. அந்தக் கிருமி மனுசனைத் தொடாது என்றுதான் நம்பியிருந்தார்கள். 2004-ல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியைத் தொட்டுவிட்டது. உலகத்தில் உறுதியான முதல் ஆள். உடனே வெளிநாட்டு ஆய்வகம் வரை ரத்தம் போனது. அந்தக் கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் அவர் ரத்தத்தில் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மருந்து வரவழைத்துக் குணப்படுத்தினார்கள். நல்ல காரியம். முறைப்படி நடந்தால் இந்த நாட்டில் என்ன முடியும் என்பதற்குச் சாட்சி. ஒருத்தனுக்கு வந்தால் அதிசயம். ஊருக்கே வந்தால் தலைவிதி.

கடைசியில் ஆய்வு அமைப்பு. சரக்கின் தரத்தைப் பரிசோதிப்பது யார் என்று எழுத வேண்டும். நியாயமாக நான் எழுத வேண்டிய முகவரி மதுரையில் இல்லை. 1991-ல் சூடான்காரர்கள் கார்ட்டூமில் மைசெட்டோமாவுக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். அஹமது ஹசன் ஃபஹால் என்ற அறுவை மருத்துவர் அதை முப்பது ஆண்டு கட்டிக் காத்தார். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேடு, மாதிரிகள், வாரத்துக்கு ஒரு தடவை விழுங்கினால் போதுமா என்று புதிய பூஞ்சை மருந்துக்கு நடந்த சோதனை எல்லாம் அங்கேதான். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்கு அவர்கள் தட்டிய கதவுகள் காரணம். நம் ஊர்ப் பெயருள்ள நோய்க்காக அவர்கள் தட்டினார்கள். 2023-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. மையம் நாசமானது. அத்தனை ஆண்டுச் சேகரிப்பும் போயிற்று.

அவர்களுக்காவது போர் என்று ஒரு காரணம் இருந்தது. நம்மிடம் தோப்பூர் இருக்கிறது. 2015 பட்ஜெட்டில் எய்ம்ஸ் அறிவிப்பு. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் வந்து அடிக்கல். 2021-ல் ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டி ஓட்டு. 2022-ல் மாணவர் சேர்க்கை, ராமநாதபுரத்தில். 2024-ல்தான் கட்டட வேலை. அறிவிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒன்பது ஆண்டு. சம்சாரியின் கால் முள்ளிலிருந்து அறுவை மேசைக்குப் போய்ச்சேர எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதுவும் வலிக்காமல் வளர்கிற வியாதிதான் போல. ஒரு கட்சி செங்கலை நட்டது, ஒரு கட்சி செங்கலைத் தூக்கியது, இரண்டு பேரும் ஓட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டடம் எழும்பட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு மதுரைக் காலோடு ஒருத்தனை மேடையில் உட்கார வையுங்கள். அவனுக்கு மேடை ஏற முடியாது; தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும்.

விண்ணப்பதாரர் என்ற இடத்தில் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயர் கேட்கிறார்கள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். சங்கம் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அனுப்பினாலும் திருப்பிவிடுவார்கள்; சட்டப்படி இது சரக்கில்லையாம்.

இனி கிண்டலை விட்டுவிட்டு நேராகவே கேட்கிறேன். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் அரசு மருத்துவமனைகளில் இப்படி ஒரு கால் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருடமாக, குருணை என்ன நிறம். ஐந்து வருடம் எழுதினால் வரைபடம் தானாக வரும். இதற்கு எய்ம்ஸ் வேண்டாம், செங்கல்கூட வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் பாதத்துக்குச் செருப்பு கொடுக்கிற அரசு, கண்மாயில் முள் வெட்டுகிறவனுக்கும் முள் ஏறாத காலணி கொடுக்கட்டும்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்று. உங்கள் ஊரில் யாருக்காவது பாதத்தில் வலியில்லாத வீக்கம் இருந்து, ஓட்டை விழுந்து, கடுகு மாதிரியோ ரவை மாதிரியோ குருணை வந்தால், எருக்கம்பாலோடு விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது பூஞ்சையா, பாக்டீரியாவா?” பூஞ்சை என்றால் மருந்தும் அறுவையுமாக நீண்ட வைத்தியம். பாக்டீரியா என்றால் ஊசியிலும் மாத்திரையிலும் பெரும்பாலும் குணமாகிவிடும். தென்னிந்தியாவில் அதிகம் வருவது பாக்டீரியா வகைதான்.